மூன்று மேதைகளுக்கு மிதிவண்டி ஓட்டக் கற்றுக்கொடுத்த வணிகர்: கொல்கத்தாவின் எச்.போஸ் வாழ்க்கை

கொல்கத்தா: நெடுந்தூர மிதிவண்டிப் பந்தயங்களில் வீரரின் கால் வலுவைவிட, அவர் அமர்ந்திருக்கும் வண்டியே பல நேரங்களில் முடிவைத் தீர்மானித்துவிடுகிறது. டயரில் ஏறிய ஓர் ஆணியோ, அறுந்த செயினோ, முறிந்த ஃபோர்க்கோ பல மணி நேர உழைப்பை ஒரு நொடியில் வீணாக்கிவிடும். அந்த நேரத்தில் வண்டியைச் சரிசெய்யத் தெரிந்த கை அருகில் இருக்கிறதா என்பதே கேள்வி. மிதிவண்டி என்பது வெள்ளையர் ஓட்டும் விலையுயர்ந்த விளையாட்டுப் பொருளாக மட்டுமே கருதப்பட்ட காலத்தில், கொல்கத்தாவில் இந்தியர்களின் கைகளுக்கு அதைப் பழக்கப்படுத்தியவர்களில் முதன்மையானவர், எச்.போஸ் என்று வங்கம் அழைத்த ஹேமேந்திர மோகன் போஸ்.

இன்று அவர் பெயர் பெரும்பாலும் கூந்தல் தைலத்தோடும் பழைய இசைத்தட்டுகளோடுமே நினைக்கப்படுகிறது. மிதிவண்டிக் கடைக்காரர் எச்.போஸ் ஓரளவு மறக்கப்பட்டவர். ஆனால் அவருடைய மற்ற முயற்சிகளையும் புரிந்துகொள்ள அந்தக் கடையே நல்ல திறவுகோல்.

விபத்து மாற்றிய பாதை

இன்றைய வங்கதேசத்தில் உள்ள மைமன்சிங் பகுதியின் ஜெயசித்தி கிராமத்தைப் பூர்வீகமாகக் கொண்ட குடும்பத்தில் 1864ஆம் ஆண்டு பிறந்தவர் ஹேமேந்திர மோகன். தேசியத் தலைவரும், கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் கணிதத்தில் 'ராங்லர்' தகுதி பெற்ற முதல் இந்தியருமான ஆனந்த மோகன் போஸ் அவருடைய உறவினர். கல்வியிலும் பொதுவாழ்விலும் முன்னணியில் நின்ற பிரம்ம சமாஜக் குடும்பங்களின் வட்டம் அது. அத்தகைய குடும்பத்துப் பிள்ளை மருத்துவராகவோ வழக்கறிஞராகவோ அரசு அதிகாரியாகவோ வருவதே வழக்கம்.

ஹேமேந்திர மோகனும் கொல்கத்தா மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். ஆய்வகத்தில் பணிபுரிந்துகொண்டிருந்தபோது அமிலம் கண்களில் தெறித்தது. பார்வை தப்பியது, ஆனால் நீண்ட நாள் சிகிச்சைக்குப் பின்னர் படிப்பைத் தொடர முடியவில்லை. பட்டம் இல்லாமல் வெளியேறிய அந்த இளைஞர், கற்றிருந்த வேதியியலை வணிகத்துக்குத் திருப்பினார். 1890ஆம் ஆண்டு 'குந்தலீன்' என்ற கூந்தல் தைலம் சந்தைக்கு வந்தது. அதனைத் தொடர்ந்து 'தேல்கோஷ்' நறுமணத் திரவியமும், வெற்றிலையுடன் சேர்த்துக்கொள்ளும் 'தாம்பூலீன்' மசாலாவும் வெளிவந்தன.

வங்கத்து நடுத்தர வர்க்கத்தினர் வணிகத்தைத் தாழ்வாகப் பார்த்த காலம் அது. தைலத்தை விற்க அவர் கையாண்ட வழியோ புதுமையானது. 1896ஆம் ஆண்டு 'குந்தலீன் புரஸ்கார்' என்ற சிறுகதைப் பரிசை நிறுவினார். தைலத்தின் பெயரைக் கதையில் இயல்பாகக் கொண்டுவர வேண்டும். ஆனால் கதை விளம்பரமாக இருக்கக் கூடாது என்பது நிபந்தனை. முதல் ஆண்டுப் பரிசு பெயர் வெளியிடாத ஒருவர் எழுதிய கதைக்குச் சென்றது. கடலில் வீசிய புயலை ஒரு புட்டி கூந்தல் தைலம் அடக்கிவிடுவதாகப் புனையப்பட்ட அக்கதையை எழுதியவர் இயற்பியலாளர் ஜகதீஷ் சந்திர போஸ். வங்க மொழி அறிவியல் புனைகதையின் தொடக்ககாலப் படைப்புகளில் ஒன்றாக அது இன்றும் எண்ணப்படுகிறது. 1903இல் இதே பரிசு பெற்ற 'மந்திர்' என்ற கதை, உறவினரின் பெயரில் சரத் சந்திர சட்டோபாத்யாய் அனுப்பிவைத்தது. 'தேவதாஸ்' எழுத்தாளரின் பெயர் வெளியுலகுக்குத் தெரியாத நாட்கள் அவை.

ஹாரிசன் சாலைக் கடை

இங்கிலாந்தின் கோவென்ட்ரி நகரில் ஜான் கெம்ப் ஸ்டார்லி 'ரோவர்' என்ற பாதுகாப்பு மிதிவண்டியை 1885ஆம் ஆண்டு அறிமுகப்படுத்தினார். இரு சக்கரங்களும் ஏறத்தாழ ஒரே அளவு. பெடலின் விசை செயின் வழியாகப் பின்சக்கரத்துக்குச் செல்லும். இன்று நாம் காணும் மிதிவண்டியின் அடிப்படை வடிவம் அதுவே. 1888இல் பெல்ஃபாஸ்ட் நகரில் கால்நடை மருத்துவராக இருந்த ஜான் பாய்ட் டன்லப் காற்றடைத்த டயரை உருவாக்கினார். குலுங்காத பயணம் சாத்தியமானது. அதே நாளில், அதுவரை உலகம் அறியாத ஒரு தொல்லையும் பிறந்தது. அதன் பெயர் பஞ்சர்.

இந்த வண்டிகள் கொல்கத்தாவுக்குக் கப்பலில் வந்திறங்கியபோது அவற்றை விற்றவை பெரும்பாலும் ஐரோப்பிய நிறுவனங்கள். அந்த நிலையில், தம் சகோதரர் ஜதீந்திர மோகனுடன் சேர்ந்து ஹாரிசன் சாலையில் மிதிவண்டி விற்பனை நிறுவனத்தைத் தொடங்கினார் ஹேமேந்திர மோகன். இந்தியர்களுக்குச் சொந்தமான தொடக்ககால மிதிவண்டி நிறுவனங்களில் ஒன்று அது. ரோவர் வண்டிகளையும், ஜெர்மனியின் டியூர்காப் வண்டிகளையும் அந்நிறுவனம் விற்றது. மகாத்மா காந்தி சாலை என்று இன்று அழைக்கப்படும் ஹாரிசன் சாலை, நகரில் மின்விளக்கு முதலில் ஏற்றப்பட்ட தெருக்களில் ஒன்று. புதிய இயந்திரத்துக்கு அதைவிடப் பொருத்தமான முகவரி அன்றைய கொல்கத்தாவில் குறைவு.

கடை திறப்பது எளிது. வாங்குபவர் வேண்டுமே. பல்லக்கிலும் குதிரை வண்டியிலும் சென்று பழகிய கனவான்கள், வேட்டி செயினில் சிக்கும் அபாயத்தோடு, தெருவே பார்த்திருக்க விழுந்தெழுந்து ஓட்டப் பழகுவார்களா? ஹேமேந்திர மோகன் தாமே ஆசிரியரானார். அவரிடம் மிதிவண்டி ஓட்டக் கற்றுக்கொண்டவர்களாக மூன்று பெயர்கள் சொல்லப்படுகின்றன. ஒருவர் ஜகதீஷ் சந்திர போஸ். மற்றொருவர் வங்காள கெமிக்கல்ஸ் நிறுவனத்தை உருவாக்கிய வேதியியலாளர் பிரபுல்ல சந்திர ராய். மூன்றாமவர் மருத்துவர் நீல்ரதன் சர்க்கார். கொல்கத்தாவின் பெரிய அரசு மருத்துவமனைகளில் ஒன்று இன்று அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. மூவருமே ஹேமேந்திர மோகனைவிட வயதில் மூத்தவர்கள். இளமை முதலே செரிமானக் கோளாறாலும் தூக்கமின்மையாலும் அவதிப்பட்ட மெலிந்த உருவத்தினர் பிரபுல்ல சந்திரர். அவர் இரும்பு வண்டியில் சமநிலை பழகிய காட்சி, பார்த்தவர்களுக்கு நிச்சயம் மறந்திருக்காது. சமூகத்தில் மதிப்புமிக்க மூவர் மிதிவண்டியில் செல்வதைவிடச் சிறந்த விளம்பரம் எந்தச் செய்தித்தாளிலும் கிடைக்காது என்பதும் அந்த வணிகருக்குத் தெரியாமல் இருந்திருக்காது.

பழுது என்னும் பாடம்

அக்காலத்து மிதிவண்டியுடன் வாழ்வது எளிதான காரியமல்ல. கொல்கத்தாவின் தெருக்களில் குதிரை வண்டிகளும் மாட்டு வண்டிகளும் நிறைந்திருந்தன. லாடத்திலிருந்து உதிரும் ஆணிகள் காற்று டயரின் முதல் பகை. டிராம் தண்டவாளத்தின் பள்ளத்தில் முன்சக்கரம் இறங்கினால் ஓட்டுபவர் கீழே. ஸ்போக்ஸ் வளைந்து சக்கரம் கோட்டம் கண்டுவிடும். மழைக்காலச் சேறு செயினிலும், சக்கர அச்சின் பால்ரஸ் குண்டுகளிலும் புகுந்து அரித்தது. கடற்கரைக்கு அருகிலுள்ள ஈரக் காற்றில் இரும்பு எளிதில் துருப்பிடித்தது. உதிரிபாகம் வேண்டுமானால் கப்பல் வரவேண்டும்.

பஞ்சர் ஒட்டுவதுகூட அன்று ஒரு கலையாகவே இருந்தது. டன்லப்பின் முதல் டயர்கள் சக்கர விளிம்போடு பசையால் ஒட்டப்பட்டிருந்தன; அவற்றைப் பிரித்து, ஓட்டையைக் கண்டுபிடித்து, மீண்டும் ஒட்டிக் காயவைக்கப் பல மணி நேரம் ஆகும். டயரைக் கழற்றி மாட்டும் முறை வந்த பிறகுதான் இன்று தெருவோரப் பட்டறைகளில் காணும் வேலைமுறை பிறந்தது: லிவரால் டயரின் ஒரு பக்கத்தை நெம்பி, ட்யூபை உருவி, காற்றடித்துத் தண்ணீரில் அமிழ்த்தி, குமிழி வரும் இடத்தைக் குறித்து, தேய்த்து, சொல்யூஷன் தடவி, ஒட்டுப் போடுவது. ஆணி இன்னும் டயரிலேயே இருக்கிறதா என்று உட்புறத்தை விரலால் தடவிப் பார்க்க மறந்தவர் அடுத்த சில நூறு அடிகளிலேயே மீண்டும் இறங்க நேரும்.

இந்த மாற்றத்தை உலகுக்கு அறிவித்தது ஒரு சாலைப் பந்தயமே. 1891ஆம் ஆண்டு பாரிஸிலிருந்து பிரெஸ்ட் துறைமுகம் வரை சென்று திரும்பும் ஏறத்தாழ 1,200 கிலோமீட்டர் பந்தயத்தில், மிஷலின் நிறுவனத்தின் கழற்றி மாட்டும் டயருடன் ஓடிய ஷார்ல் தெரோன் முதலிடம் பெற்றார். சுமார் 71 மணி நேரம் உறங்காமல் ஓட்டிய அவர் பஞ்சர்களையும் சந்தித்தார். ஆனால் விரைவில் சரிசெய்துகொண்டு தொடர முடிந்தது. மறு ஆண்டு மிஷலின் நிறுவனம் தானே நடத்திய பந்தயத்தின் பாதையில் வேண்டுமென்றே ஆணிகளைத் தூவியது. போட்டியாளர்களை வதைப்பது நோக்கமல்ல. தன் டயரை எவ்வளவு விரைவாகப் பழுதுபார்க்கலாம் என்று காட்டுவதே நோக்கம். இன்றைய விளம்பரத் துறையினர்கூடத் தயங்கும் துணிச்சல் அது.

பழுதுபார்க்கும் அறிவின் விலை என்ன என்பதை ஹேமேந்திர மோகனின் காலத்திலேயே வேறொருவர் கற்றுத்தந்தார். 1913ஆம் ஆண்டு 'டூர் டி பிரான்ஸ்' பந்தயத்தில், பிரனீஸ் மலைத்தொடரின் தூர்மலே கணவாயிலிருந்து இறங்கியபோது ஒய்ஜேன் கிறிஸ்டோஃபின் வண்டியில் முன் ஃபோர்க் முறிந்தது. வெளியார் உதவியைப் பெறக்கூடாது. வண்டியை மாற்றவும் கூடாது என்பது விதி. அவர் வண்டியைத் தோளில் சுமந்து 10 கிலோமீட்டருக்கும் மேல் நடந்து, சென்ட் மாரி த கம்பான் என்ற சிற்றூரின் கொல்லன் பட்டறையை அடைந்தார். இளமையில் பூட்டுத் தொழில் பழகியவர் என்பதால் ஃபோர்க்கைத் தாமே காய்ச்சி அடித்துப் பொருத்தினார். பந்தய அதிகாரிகள் அருகில் நின்று பார்த்துக்கொண்டிருந்தனர். உலைத் துருத்தியை ஒரு சிறுவன் இயக்கியதற்காக அவருக்கு நேரத் தண்டனை வேறு விதிக்கப்பட்டது. ஏறத்தாழ நான்கு மணி நேரம் இழந்து, வெல்லும் வாய்ப்பைப் பறிகொடுத்தும், அவர் பந்தயத்தை ஏழாமிடத்தில் முடித்தார். உலையில் வேலை செய்யத் தெரியாத வேறெந்த வீரருக்கும் அந்தப் பந்தயம் அந்த மலைப்பாதையிலேயே முடிந்திருக்கும்.

விற்பதோடு நிற்காதவர்

ஹேமேந்திர மோகனின் வணிகத்தில் மீண்டும் மீண்டும் தென்படும் பண்பு ஒன்று உண்டு. வெளிநாட்டு இயந்திரத்தை இறக்குமதி செய்து, விலை பெற்றுக்கொண்டு ஒதுங்கும் தரகராக அவர் இருக்கவில்லை. அதன் உள்ளே என்ன நடக்கிறது என்பதைத் தாமும் கற்றார், பிறரையும் கற்கவைத்தார்.

மோட்டார் காரிலும் இதுவே நடந்தது. 1900ஆம் ஆண்டு வாக்கில் இரண்டு இருக்கைகள் கொண்ட பிரெஞ்சுக் காரை வாங்கிய அவர், கொல்கத்தாவில் கார் ஓட்டிய முதல் சில இந்தியர்களுள் ஒருவர். பின்னர் கிரேட் ஈஸ்டர்ன் மோட்டார் கம்பெனி என்ற பெயரில் கார் விற்பனையில் இறங்கியபோது, வண்டிகளைப் பழுதுபார்க்கும் பணிமனையையும் அதனுடன் சேர்த்தே அமைத்தார். வழியில் நின்றுபோன காரைத் தள்ளிக்கொண்டு போக இடமில்லாத நகரில் எவரும் இரண்டாவது கார் வாங்கமாட்டார்கள்.

ஒலிப்பதிவில் அவர் சென்ற தூரம் இன்னும் அதிகம். எடிசன் வகை ஃபோனோகிராஃப் கருவியைத் தருவித்து, மெழுகு உருளைகளில் குரல்களைத் தாமே பதிவு செய்தார். 1905இல் கர்சன் பிரபு வங்கத்தைப் பிரித்ததை அடுத்து சுதேசி இயக்கம் கொழுந்துவிட்டு எரிந்த நாட்களில், அந்நியப் பொருட்களைப் புறக்கணிக்கும் பாடல்கள் அவருடைய உருளைகளில் ஏறின. தர்மதலாவில் அவர் நடத்திய 'டாக்கிங் மெஷின் ஹால்' நகரின் பேச்சாக இருந்தது. ரவீந்திரநாத் தாகூரின் குரலும் அங்கு பதிவானது. பின்னர் பிரான்சின் பாத்தே நிறுவனத்துடன் இணைந்து அப்பதிவுகளைத் தட்டுகளாகவும் வெளியிட்டார். மெழுகு உருளை எளிதில் உடையும்; வெப்பத்தில் உருகும்; பூஞ்சை பிடிக்கும். கொல்கத்தாவின் பருவநிலையில் அவற்றுள் மிகச் சிலவே தப்பின. சுதேசிக் குரலைக் காக்க அந்நிய இயந்திரத்தை நாடிய முரண்பாடு அன்றே சிலருக்கு உறுத்தியிருக்கலாம். ஆயினும் ஒரு கருவியைக் கையாளக் கற்றவர்தான் ஒரு நாள் அதைத் தம் நாட்டிலேயே செய்ய முடியும் என்பதை அடுத்த ஐம்பது ஆண்டுகள் காட்டின.

புகைப்படக் கலையிலும் அவர் கை நீண்டது. பிரான்சின் லூமியேர் சகோதரர்கள் 1907இல் சந்தைக்குக் கொண்டுவந்த 'ஆட்டோகுரோம்' முறையில் வண்ணப் படங்களை எடுத்த தொடக்ககால இந்தியர்களில் அவரும் ஒருவர்.

குடும்பமும் பின்வந்தோரும்

எழுத்தாளரும் அச்சுக்கலை முன்னோடியுமான உபேந்திரகிஷோர் ராயின் சகோதரி மிருணாளினியை ஹேமேந்திர மோகன் மணந்திருந்தார். உபேந்திரகிஷோரின் பேரன் சத்யஜித் ராய். பதினான்கு குழந்தைகள் நிறைந்த ஆம்ஹெர்ஸ்ட் தெரு வீட்டில் கேமராக்களும் ஒலிக்கருவிகளும் விளையாட்டுப் பொருட்களாகவே கிடந்தன. மகன் நிதின் போஸ் புகழ்பெற்ற திரைப்பட இயக்குநரானார். தாதாசாகேப் பால்கே விருதும் பெற்றார். மற்றொரு மகன் முகுல் போஸ் ஒலிப்பதிவாளர். நிதின் இயக்கி 1935இல் வெளிவந்த 'பாக்ய சக்ரா' வங்கப் படத்தில், பின்னணிப் பாடலை இந்தியத் திரைக்குக் கொண்டுவந்ததில் இந்தச் சகோதரர்களின் பங்கு பெரிது. கார்த்திக் போஸ், கணேஷ் போஸ் ஆகியோர் கிரிக்கெட்டில் பெயர் பெற்றனர்.

1916ஆம் ஆண்டு ஆகஸ்ட் 28ஆம் தேதி, 52ஆவது வயதில், ஹேமேந்திர மோகன் காலமானார். தைலமும் நறுமணமும் சில காலம் தொடர்ந்தன. மிதிவண்டியோ அவருடைய கடையைக் கடந்து வளர்ந்துவிட்டது.

அவர் மறைந்து பத்து ஆண்டுகளுக்குப் பின், 1926 டிசம்பரில், பிமல் முகர்ஜி என்ற இளைஞர் மூன்று நண்பர்களுடன் கொல்கத்தாவிலிருந்து மிதிவண்டியில் உலகைச் சுற்றப் புறப்பட்டார். பாலைவனத்திலும் பனியிலும் வண்டியைத் தாமே செப்பனிட்டுக்கொள்ள வேண்டிய பயணம் அது. நண்பர்கள் பிரிந்த பிறகும் தனியே தொடர்ந்த பிமல் 1937இல்தான் ஊர் திரும்பினார். சுதந்திரத்துக்குப் பின் மிதிவண்டி கப்பலுக்குக் காத்திருக்கும் பொருளாக இல்லாமல் போனது. 1949இல் சென்னையை அடுத்த அம்பத்தூரில் டிஐ சைக்கிள்ஸ் உருவானது. 1950களின் தொடக்கத்தில் மேற்கு வங்கத்தின் ஆசன்சோலில், கொல்கத்தா மிதிவண்டி வணிகர் சுதீர் குமார் சென்னின் முயற்சியில் சென் ராலே தொழிற்சாலை இயங்கத் தொடங்கியது.

இன்று கொல்கத்தாவின் அமெச்சூர் மிதிவண்டி ஓட்டுநர்கள், தெரோன் வென்ற அதே பாரிஸ்–பிரெஸ்ட்–பாரிஸ் மரபில் வந்த 'பிரெவே' நெடுந்தூர ஓட்டங்களில் பங்கேற்கின்றனர். 200 கிலோமீட்டரை 13 மணி 30 நிமிடங்களிலும், 600 கிலோமீட்டரை 40 மணி நேரத்திலும் முடிக்க வேண்டும். கட்டுப்பாட்டு நிலையங்களைத் தவிர வழியில் எங்கும் உதவி வாகனம் பின்தொடரக் கூடாது. எனவே மாற்று ட்யூப், பம்பு, ஒட்டுத்துண்டுகள், செயின் இணைக்கும் கருவி ஆகியவை ஒவ்வொருவர் பையிலும் இருக்கும். நள்ளிரவில் நெடுஞ்சாலை ஓரத்தில் தலைவிளக்கின் வெளிச்சத்தில் டயரை நெம்புபவருக்குக் கடிகாரம் ஓடிக்கொண்டே இருக்கும். பழுதுபார்க்கச் செலவாகும் நேரம் மொத்தக் கணக்கில் கழிக்கப்படாது.

ஜகதீஷ் சந்திரரும் பிரபுல்ல சந்திரரும் மிதிவண்டி பழகிய நகரிலோ நிலைமை வேறு. போக்குவரத்து நெரிசலைக் காரணம் காட்டி 2013ஆம் ஆண்டு 174 சாலைகளில் மிதிவண்டிகளுக்குக் காவல்துறை தடை விதித்தது. பால்காரர்களும் செய்தித்தாள் போடுபவர்களும் மிதிவண்டியை நம்பியுள்ள பிற தொழிலாளர்களும் எதிர்ப்புத் தெரிவித்ததை அடுத்து தடை பின்னர் ஓரளவு தளர்த்தப்பட்டது. 2020ஆம் ஆண்டு கொரோனா காலத்தில் பேருந்துகள் குறைந்தபோது நகரவாசிகள் மீண்டும் மிதிவண்டிக்குத் திரும்பினர்; பல ஆண்டுகளாகப் பரணில் கிடந்த வண்டிகள் ட்யூப் மாற்றவும் கோட்டம் எடுக்கவும் தெருவோரப் பட்டறைகளுக்கு வந்து சேர்ந்தன.